ஒரே விஷம், 88 வருஷம்: இருமல் மருந்தும் இழப்பீடும்

1/ 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல செஞ்சிக் கோட்டை சேர்ந்ததுல இருந்து "டாக்டர், கோட்டை வரலாறு பத்தி ஒரு இழை போடுங்க"ன்னு கேட்கறீங்க. ராஜா தேசிங்கு கதையை என்னைவிட நல்லா சொல்ல இங்க ஆள் இருக்காங்க. நான் சொல்லப்போறது ஒரு மருந்து பாட்டிலோட வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ அந்த விஷத்தோட பேரு டைஎத்திலீன் கிளைகால். பிரேக் ஆயில் மாதிரி தொழிற்சாலைப் பொருள்கள்ல பயன்படறது. நிறம் இல்லை, பாகு மாதிரி இருக்கும், லேசா இனிக்கும். சிரப் தயாரிக்க உண்மையில் பயன்படுத்த வேண்டியது மருந்துத் தரமுள்ள புரோப்பிலீன் கிளைகால் அல்லது கிளிசரின். கண்ணால பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. பீப்பாயைத் திறந்து பரிசோதிக்கணும். அந்த ஒரு பரிசோதனையை விட்டா, குழந்தையோட கிட்னி போயிடும்.

3/ முதல் பெரிய சம்பவம் 1937, அமெரிக்கா. மாஸன்கில் என்ற கம்பெனி, சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க இதே ரசாயனத்தில் கரைத்தது. ராஸ்பெர்ரி சுவை சேர்த்தார்கள். சுவை, நிறம், மணம் எல்லாம் சோதித்தார்கள். விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. 34 குழந்தைகள், 71 பெரியவர்கள், மொத்தம் 105 பேர் இறந்தார்கள்.

4/ இதுல சட்டம் என்ன செஞ்சது தெரியுமா? விஷம் வித்ததுக்காக வழக்கு போட அப்போ அங்க சட்டமே இல்லை. "எலிக்ஸிர்"னு பேர் வச்சா அதுல ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்லை, அதனால தப்பான லேபிள். இந்த ஒரு காரணத்தை வச்சுத்தான் அதிகாரிகள் பாட்டில்களைப் பறிமுதல் செஞ்சாங்க, கம்பெனிக்கு அபராதமும் வாங்கிக் கொடுத்தாங்க. அந்த வெட்கக்கேட்டுல இருந்து பிறந்ததுதான் 1938 அமெரிக்கச் சட்டம்: விற்கறதுக்கு முன்னாடி பாதுகாப்பை நிரூபி.

5/ நம்ம ஊருக்கு வருவோம். 1940-லேயே இந்தியாவில் மருந்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1972-ல் சென்னையில் இதே விஷத்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், மூளை, கண் அழுத்தம் குறையக் கொடுத்த கிளிசரினில் இதே விஷம். 14 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம் வியாபாரியோடு நிற்கவில்லை. மருத்துவமனை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அரசியல் தலையீடு என்று மேலே வரை போய்க் குற்றம் சாட்டியது. 1998-ல் குருகிராம், மறுபடி குழந்தைகள்.

6/ 2019 கடைசி, 2020 தொடக்கம். ஜம்முவில் உதம்பூர் மாவட்டம், ராம்நகர். "கோல்ட்பெஸ்ட் பிசி" சிரப், தயாரித்தது இமாசலப் பிரதேசக் கம்பெனி. பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு ₹3 லட்சம் கொடுக்கச் சொன்னது. கொடுக்கச் சொன்னது யாரை? ஜம்மு காஷ்மீர் அரசை. அந்த அரசும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை 3 லட்சத்துக்காக டெல்லி வரைக்கும் காக்க வச்சோம்.

7/ இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இந்தியாவில் தயாரான சிரப் குடித்து உஸ்பெகிஸ்தானில் 68 குழந்தைகள் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்த நாட்டு நீதிமன்றம் 23 பேருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது, அதிகபட்சம் 20 வருஷம். குடும்பத்துக்குச் சுமார் 80,000 டாலர் இழப்பீடு, அதையும் தண்டனை பெற்றவர்களே கட்ட வேண்டும். மருந்து நம்மளோடது. நீதி கிடைச்சது அங்க.

8/ இப்போ 2025. மத்தியப் பிரதேசம், சிந்த்வாரா. "கோல்ட்ரிஃப்" குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்தார்கள். தயாரித்த ஸ்ரீசன் பார்மா இருந்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். செஞ்சியிலிருந்து வண்டி எடுத்தா ரெண்டு, மூணு மணி நேரம். தமிழ்நாட்டு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதித்தபோது அந்த விஷம் 48.6%. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1%. ஆலையில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது.

9/ சோதனை முடிவு ஒரே நாள்ல வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா ஒரே நாள்ல கண்டுபிடிக்க முடியற விஷத்தை, பாட்டில் ஆலையை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடி ஏன் யாரும் கண்டுபிடிக்கலை? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

10/ சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துச் சட்டம் பிரிவு 27(அ): கலப்பட மருந்தால் உயிர் போனால் குறைந்தது 10 வருஷம், ஆயுள் வரை. அபராதம் குறைந்தது ₹10 லட்சம், அது பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ போக வேண்டும். ஆனால் தண்டனை உறுதியாகி அபராதம் வசூலானால்தான் அந்தப் பணம். அதே மருந்தை வெறும் "தரம் குறைவு" என்று வகைப்படுத்தினால் தண்டனை ஓரிரு வருஷம், அபராதம் ₹20,000-லிருந்து. எந்த வார்த்தையில் வழக்கு எழுதறாங்கங்கறதுலயே பாதி நீதி அடங்கியிருக்கு.

11/ இன்னொரு வழியும் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் பாதிப்பு வந்தால் தயாரித்தவரிடமே நேரடியாக இழப்பீடு கேட்கலாம். மருந்துச் சட்டம் பிரிவு 26-ன்படி நீங்களே கட்டணம் கட்டி, சந்தேகமான மருந்தை அரசு ஆய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். இது உங்க உரிமை, யாரோட தயவும் இல்லை.

12/ ஆனா எந்த வழக்குக்கும் ஆதாரம் வேணும். அது உங்க வீட்டு அலமாரிலதான் இருக்கு. அதனால:
• மெடிக்கல்ல பில் கேட்டு வாங்குங்க. பேட்ச் எண் அதுல இருக்கான்னு பாருங்க.
• மருந்து குடிச்ச பிறகு வாந்தி, சோர்வு, முக்கியமா ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா உடனே பெரிய ஆஸ்பத்திரி. காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.
• மிச்ச மருந்தைக் கொட்டாதீங்க, பாட்டிலோட எடுத்துட்டு வாங்க.
• மருந்துப் பாதிப்பைச் சொல்ல இலவச எண் 1800-180-3024. டாக்டர் மட்டுமில்ல, நீங்களும் கூப்பிடலாம்.

13/ ஓபில "சிரப்பு எழுதலையா டாக்டர்?"னு கேட்கற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 2 வயசுக்குள்ள குழந்தைக்குச் சளி, இருமல் மருந்து கூடவே கூடாது. 5 வயசு வரைக்கும் பொதுவா தேவையில்லை. பெரும்பாலான சளி தானா சரியாகும். டாக்டர் பாட்டில் எழுதலைன்னா அது கஞ்சத்தனம் இல்லைம்மா, அதுவும் வைத்தியம்தான்.

14/ 1937-ல 105 பேர் இறந்ததும் ஒரு நாடு சட்டத்தை மாத்துச்சு. நம்மகிட்ட சட்டம் 1940-லேயே இருக்கு. இல்லாதது பீப்பாயைத் திறந்து பார்க்கிற கையும், தண்டனை வரைக்கும் நடக்கிற வழக்கும். சிந்த்வாரா செய்தி பத்திரிகைல இருந்து காணாமப் போயிடும். "அந்த வழக்கு என்னாச்சு?"ன்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கணும். பகிருங்க.