தீட்டும் மாசும்: யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

நீரின் தூய்மை பற்றிப் பேசும்போது அதனை இயற்கை விஞ்ஞானத்துக்கு மாத்திரம் உரிய பொருளாக நாம் கருதிவிடுகிறோம். ஆயின், எந்த நீர் தூயது, யார் தொட்டால் அது கெடும் என்பனவற்றை ஒவ்வொரு சமுதாயமும் தனது உற்பத்தி உறவுகளுக்கு இயையவே வரையறுத்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்துக் கிணறு இதற்குத் தக்க உதாரணமாகும். ‘தீட்டு’ என்ற பெயரில் இல்லாத மாசு ஒன்றுக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகக் காவலிருந்த சமுதாயம், உண்மையான மாசு நீரில் சேரத் தொடங்கியபோது அதனைக் காணத் தவறியது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பௌதிக அடிப்படையை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வடகீழ்ப் பருவமழையே அதன் நீர்வளத்தின் தோற்றுவாய். மண்ணூடாக இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லிலுள்ள கல்சியம் காபனேற்றை மெல்ல மெல்லக் கரைத்து, பாறையில் வெடிப்புகளையும் குகைகளையும் தோற்றுவிக்கிறது. எமது வீடுகளில் நீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெண்படிவு, இவ்வாறு கரைந்த கல்லின் மீள்வருகையே. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்நிலவமைப்பின் புலப்பாடுகள். இப்பாறைக்குள் தேங்கும் நன்னீர், அதனிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணிப்பு. எனவே, மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் பன்மடங்கு மேலெழும். இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், கிணறுகள் பலவாயினும் அவற்றிற் சுரக்கும் தரைக்கீழ் நீர் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதாகும்.

நீர் பொதுவாயிருக்க, கிணறோ தனியுடைமையாயிற்று. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்தனியே எழுதப்படுவதை நாம் அறிவோம். காணியற்றோருக்குக் கிணறும் இல்லை. காணியற்றோராய் வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. அவர்கள் குடத்தோடு தூர நின்று, உயர்சாதியினர் அள்ளி வார்க்கும்வரை காத்திருந்தனர். கே. டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே ஒரு நாவலை எழுத நேர்ந்தது தற்செயலன்று. தீட்டு என்னும் கருத்து நீரைப் பாதுகாக்கவில்லை. நீரின் மீதான உடைமையையும், அதன்வழி மலிவான உழைப்பையுமே பாதுகாத்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் அவ்வுடைமையின் கருத்தியலை நேருக்கு நேர் எதிர்த்தன. தேநீர்க் கடையும் கோவிலும் கிணறும் அப்போராட்டத்தின் களங்களாயின.

இதே காலப்பகுதியில் தோட்டக் கிணற்றில் வேறொரு மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. துலா மிதிப்போர், பட்டை பிடிப்போர், பாத்திகளுக்கு நீரைத் திருப்புவோர் ஆகியோரின் உடல்வலுவே முன்னர் இறைப்பின் எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. மாட்டெருவும் ஆட்டுப்பட்டியும் பசுந்தாட் பசளையும் வகித்த இடத்தை யூரியா படிப்படியாகப் பெற்றது. 1970 முதல் 1977 வரை ஆட்சிபுரிந்த ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைப் பெற்றுக்கொடுத்தன. சந்தைக்கான பயிர்ச்செய்கை தீவிரமடைந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் அவ்விலையைத் தாக்கியது. ஆயினும் இரசாயனப் பசளையில் தங்கியிருக்கும் நிலை மாறவில்லை.

மண்ணில் இடப்படும் யூரியா அமோனியாவாக மாறுகிறது. அதனைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. பயிர் உறிஞ்சாது எஞ்சும் நைத்திரேற்றை மண் பற்றி வைப்பதில்லை. களித்துணிக்கைகளும் நைத்திரேற்றும் மறையேற்றம் கொண்டவையாதலின், அது இறைப்பு நீரோடும் மழைநீரோடும் கீழிறங்கிப் பாறை வெடிப்புகளை அடைகிறது. நெருங்கிய குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளும் அதனோடு தம் பங்கைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள வழிகாட்டி அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பல இவ்வளவை விஞ்சியமையை 1980கள் முதலான ஆய்வுகள் எடுத்துக் காட்டியுள்ளன. இம்மாசுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் அது நீங்காது; நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பச்சிளங் குழந்தையின் குருதியில் அது ஈமோகுளோபினின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் குறைக்கிறது. சாதி பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாத மாசு இதுவே.

யேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக்கின் ஆய்வுகளைக் கற்ற கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், முதலாளித்துவ விவசாயம் மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றத்தைக் குலைப்பதைச் சுட்டினார். மண்ணின் சத்து உணவாக நகரஞ் சென்று, கழிவாக அழிந்து, மண்ணுக்கு மீளாமை அவர் கண்ட ஐரோப்பிய நிலை. இங்கு அதே முறிவு வேறு வடிவில் வெளிப்படுகிறது. இறக்குமதியாகும் சத்து மண்ணிலும் தங்காது, பயிரிலும் முற்றாகச் சேராது, குடிநீரில் வந்து முடிகிறது. இதற்கு விவசாயியின் அறியாமையைக் காரணங் கூறுதல் மேலோட்டமானது. கடனும் சந்தை விலையும் துண்டு நிலமும் அவனை நெருக்க, ஒரு பையளவு பசளையைக் குறைத்திடும் துணிவை அவன் எங்ஙனம் பெறுவான்?

1966இன் ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகத்தின் கிணறுகளில், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் எண்ணெய் மிதந்தது. அனல் மின்னுற்பத்தியின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை அடைந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே மக்கள் திரண்டனர், வழக்கும் எழுந்தது. நைத்திரேற்றுக்கு அத்தகைய சாட்சியம் இல்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் அவசியமானதே, எனினும், அது கைவிடப்பட்ட நிலத்தடி நீருக்கு ஈடாகிவிடலாகாது. குழாய்நீரை விலைகொடுத்துப் பெற இயலாதவர் மீண்டும் அக்கிணற்றுக்கே செல்வர். தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் நண்பகலிற் குடிப்பதும் அந்நீரையே.

கிணற்றில் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டம் நியாயமானது. அதன் பயன் இன்றும் முழுமையடையவில்லை. ஆயினும் அவ்வுரிமையை வென்றெடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்த நீர் எத்தகையது என்ற வினாவை முற்போக்காளராகிய நாம் காலந் தாழ்த்தியே கேட்கத் தொடங்கினோம். கிணற்றை யார் தொடலாம் என்பதையே வினாவாகக் கொண்ட நாம், கிணற்றுக்குள் எதை விடலாம் என்பதை அவரவர் காணிக்குரிய விவகாரமாக விட்டுவிட்டோம். வேலி நிலத்துக்கு மேலேதான் உண்டு. கீழே நீருக்கு வேலியில்லை. பசளையின் அளவு, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம், இறைக்கும் நீரின் அளவு ஆகியவற்றை ஊர்தோறும் கூட்டாகத் தீர்மானிப்பதும், கிணறுதோறும் நீரைச் சோதித்து முடிவைத் தமிழில் மக்கள் முன் வைப்பதும் அன்றைய போராட்டத்தின் தொடர்ச்சியே ஆகும்.