பணியாளர் இழப்பீட்டு மேல்முறையீடு (இந்தியா)

பணியிட விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஆணையர் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட மேல்முறையீடு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. 2009-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்பின் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகளே ஆணையர்களாக இருந்து இவ்வழக்குகளை விசாரித்துவந்தனர்.

சட்டத்தின் 30-ஆவது பிரிவு மேல்முறையீட்டின் வாசலைக் குறுகலாகவே வைத்தது. வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று எழ வேண்டியிருந்தது. உத்தரவிலிருந்து 60 நாள்களுக்குள் மனு தாக்கலாக வேண்டியிருந்தது. காயம் வேலையின்போது நேர்ந்ததா, ஊதியம் எவ்வளவு, உடல்திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பவை பெரும்பாலும் உண்மை சார்ந்த கேள்விகள். இவற்றில் ஆணையரின் முடிவே இறுதியானது என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் உறுதிசெய்தது. ஆனால் சான்றே இல்லாமல் எட்டிய முடிவு சட்டப் பிழையாகிவிடும். வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இந்த இடுக்கின் வழியாகத்தான் நுழையப் பார்த்தார்கள்.

இழப்பீடு வழங்கும் உத்தரவை எதிர்த்த முதலாளி, அந்தத் தொகையை முதலில் ஆணையரிடம் செலுத்தி, அதற்கான சான்றிதழை மனுவுடன் இணைக்க வேண்டியிருந்தது. தொழிலாளிக்கு இந்த நிபந்தனை இருக்கவில்லை. பணத்தைத் தராமலே வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் உத்தியைத் தடுப்பதில், இச்சட்டத்தின் மிகப் பயனுள்ள விதி இதுவே எனலாம். உரிய காலத்தில் வழங்காத தொகைக்கு இச்சட்டத்தின்படி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி இருந்தது; தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில், 50 விழுக்காடுவரை அபராதமும் சேரக்கூடியதாக இருந்தது.

ஆணையரின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கவில்லை. 2020-இல் நிறைவேறி 2025-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இணைக்கப்பட்டது.