வெம்பிளி கோலும் ஒரு மில்லிமீற்றர் கணக்கும்

2010ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. கொழும்பில் நான் கடமையாற்றிய பத்திரிகைக் காரியாலயத்தில், மறுநாள் இதழின் விளையாட்டுப் பக்கத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு அன்று என் தலையில் விழுந்திருந்தது. தென்னாபிரிக்காவின் புளும்ஃபொன்டைன் நகரில் ஜேர்மனியும் இங்கிலாந்தும் உலகக் கிண்ண இரண்டாம் சுற்றில் மோதிக்கொண்டிருந்தன. நம் நேரப்படி எட்டு மணி கடந்து சில நிமிடங்கள் இருக்கும். இங்கிலாந்து வீரர் ஃபிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு அப்பால் நன்றாகவே உள்ளே விழுந்து, திரும்பவும் வெளியே துள்ளியது. காரியாலயமே ‘கோல்’ என்று கத்தியது. உருகுவே நாட்டு மத்தியஸ்தர் ஜோர்ஜ் லாரியொண்டா மாத்திரம் ஆட்டத்தைத் தொடரும்படி சைகை காட்டினார்.

பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, கோல் எண்டு போடுறதோ, இல்லையெண்டு போடுறதோ?”

இல்லையென்றே போட்டோம். ஜேர்மனி 4-1 என வென்றது. அந்தக் கோபம் ஆறுமுன்னரே நான் ஒரு சிறு பத்தி எழுதினேன். உதைபந்தாட்டத்துக்கும் கமெராவைக் கொண்டு வாருங்கள், வந்துவிட்டால் ரசிகர்களின் சண்டை ஓய்ந்துவிடும் என்பதே அதன் சாரம். எனக்கு அந்தத் துணிச்சலைத் தந்தது கிரிக்கெட். மத்தியஸ்தரின் தீர்ப்பை வீரர்களே மேன்முறையீடு செய்யும் முறை டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது 2008இல் நமது நாட்டில்தான். இலங்கையும் இந்தியாவும் ஆடிய அத்தொடரின் முதல் போட்டி கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடைபெற்றது. இலங்கை அணிக்கு அம்முறை நன்றாகக் கைகொடுத்தது. இந்திய அணிக்கோ அது கசந்துவிட, அந்நாட்டுக் கிரிக்கெட் சபை பின்னர் பல ஆண்டுகள் அதனை எதிர்த்து நின்றது. தீர்ப்பு யாருக்குச் சாதகமாக அமைந்தது என்பதைப் பொறுத்தே இயந்திரத்தின் மீதான நம்பிக்கையும் அமைகிறது என்ற பாடத்தை நான் அப்போதே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அண்மையில் பழைய நறுக்குகளைப் புரட்டியபோது அந்தப் பத்தி அகப்பட்டது. அதில் பாதி தவறு என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். அதற்கு 1966க்குப் போக வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு ஜூலை 30ஆம் திகதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையிலான இறுதிப்போட்டி 2-2 எனச் சமநிலையாகி, மேலதிக நேரம் வழங்கப்பட்டது. 101ஆவது நிமிடத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டருகே கீழே விழுந்தது. சுவிட்சர்லாந்து மத்தியஸ்தர் கொட்ஃபிரீட் டீன்ஸ்ட் தடுமாறி, எல்லைக் கோட்டில் நின்ற தவ்ஃபீக் பஹ்ராமோவிடம் ஓடினார். பஹ்ராமோவ் தலையசைத்தார். கோல் வழங்கப்பட்டது. இறுதியில் 4-2.

ஆங்கிலேயர் அவரை ‘ரஷ்யக் கோட்டு மத்தியஸ்தர்’ என்றே அன்புடன் அழைத்து வந்தனர். உண்மையில் அவர் சோவியத் ஒன்றியத்தின் அசர்பைஜானைச் சேர்ந்தவர். இன்று பாக்கு நகரில் ஒரு மைதானமே அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004இல் அங்கே அவருக்குச் சிலை திறந்தபோது ஹேர்ஸ்டே நேரில் சென்று கலந்துகொண்டார். கோல் போட்டவன் தீர்ப்புச் சொன்னவனுக்கு நன்றிக்கடன் செலுத்திய காட்சி அது.

உதைபந்தாட்டச் சட்டத்தின்படி, முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தாலன்றிக் கோல் இல்லை. 1996இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அன்றைய படச்சுருள்களைக் கணித ரீதியில் ஆராய்ந்து, பந்து முழுமையாக உள்ளே செல்வதற்குக் குறைந்தது 6 சென்ரிமீற்றராவது எஞ்சியிருந்தது என்றனர். ஜேர்மனியர்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழும் எந்தப் பந்துக்கும் அவர்களது மொழியில் ‘வெம்பிளி கோல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே 2010இல் லம்பார்டின் கோல் மறுக்கப்பட்டபோது, ஜேர்மனிய ரசிகர்களிடம் குற்றவுணர்வு எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுக் கடன் வசூலானதாகவே அவர்கள் கொண்டாடினர். கோல் காப்பாளர் மனுவல் நொயர், பந்து உள்ளே போனது தெரிந்தும் மத்தியஸ்தரை ஏமாற்றவே விரைந்து ஆட்டத்தைத் தொடர்ந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை யாரும் வெறுக்கவில்லை.

அதே நாள் நள்ளிரவு, நாங்கள் பக்கத்தை அனுப்பிய பின்னர், ஜொஹனஸ்பேர்க்கில் இன்னொரு கூத்து நடந்தது. மெக்சிக்கோவுக்கு எதிராக ஆர்ஜென்ரீனாவின் கார்லோஸ் தெவெஸ் தெளிவான ஓஃப்சைட் நிலையிலிருந்து கோல் போட்டார். மைதானத்தின் பெருந்திரையில் அக்காட்சி மீள ஒளிபரப்பாகியது. மெக்சிக்கோ வீரர்கள் திரையைக் காட்டி மன்றாடினர். இத்தாலிய மத்தியஸ்தர் ரொபேர்ட்டோ ரொசெட்டிக்கும் உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் திரையைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. மைதானத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்த ஒரு பிழை, அனைவரின் கண் முன்னாலேயே தீர்ப்பாகியது. மெக்சிக்கோ 3-1 எனத் தோற்று வீடு திரும்பியது. பீஃபா தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடமும் மெக்சிக்கோவிடமும் மன்னிப்புக் கேட்டார். ரொசெட்டி அத்தோடு ஓய்வு பெற்றார். ஆனால் காலம் விசித்திரமானது. வீடியோ உதவி மத்தியஸ்தர் முறையை 2018 உலகக் கிண்ணத்துக்குத் தயார்செய்த பீஃபா திட்டத்தின் தலைவராக வந்தவரும் அதே ரொசெட்டிதான்.

முதலில் வந்தது கோல் கோட்டுத் தொழில்நுட்பம். 2012இல் அனுமதி கிடைத்து, 2014இல் பிரேசில் உலகக் கிண்ணத்தில் 14 கமெராக்களுடன் நடைமுறைக்கு வந்தது. அதை அமைத்தது ஒரு ஜேர்மனிய நிறுவனம். பிரான்ஸ் – ஹொண்டுராஸ் ஆட்டத்தில் அது முதன்முறையாகக் கோல் ஒன்றைத் தீர்மானித்தது. பென்சமாவின் பந்து கம்பத்தில் பட்டு, கோல் காப்பாளரின் கையில் பட்டுக் கோட்டைத் தாண்டியது. மைதானத் திரையோ முதலில் கம்பத்தில் பட்ட கணத்தைக் காட்டி ‘கோல் இல்லை’ என்றது. அடுத்துக் காப்பாளரின் கையில் பட்ட கணத்தைக் காட்டி ‘கோல்’ என்றது. இரண்டுமே சரியானவை. ஆனால் பார்வையாளர் கூட்டம் பெருங்கூச்சலிட்டது. இயந்திரம் பிழைவிடாதபோதும் ரசிகர் அதனை நம்பமாட்டார் என்பதற்கு முதற் சாட்சி அது.

வீடியோ மத்தியஸ்தரை ஜேர்மனிய லீக் 2017இல் ஏற்றுக்கொண்டது. திரைகளின் முன் மத்தியஸ்தர்கள் அமர்ந்திருக்கும் அறை கொலோன் நகரில் இருந்தமையால், ‘கொலோன் நிலவறை’ என்று ரசிகர்கள் அதை ஏளனம் செய்யத் தொடங்கினர். 2018 ஏப்ரலில் மைன்ஸ் – ஃபிரைபேர்க் ஆட்டத்தில், இடைவேளைக்காக உடைமாற்றும் அறைக்குச் சென்றுவிட்ட வீரர்களைத் திருப்பி அழைத்து மைன்ஸ் அணிக்குப் பெனல்டி வழங்கிய வேடிக்கையும் நடந்தது.

அந்த நிலையில்தான் ரஷ்ய உலகக் கிண்ணம் வந்தது. அச்சுற்றுப்போட்டியில் 29 பெனல்டிகள் வழங்கப்பட்டன. அதற்கு முன் எந்த உலகக் கிண்ணத்திலும் 18ஐத் தாண்டியதில்லை. ஆயினும் என் மனதில் நிற்பது ஜூன் 27, கசான் நகர். ஆம், லம்பார்டின் கோல் மறுக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் நிறைவடைந்த அதே திகதி. நடப்புச் சம்பியனான ஜேர்மனிக்கு எதிராகத் தென்கொரியாவின் கிம் யங்-குவொன் இறுதித் தறுவாயில் கோல் போட்டார். துணை மத்தியஸ்தர் ஓஃப்சைட் கொடி உயர்த்தினார். ஜேர்மனிய ரசிகர்கள் பெருமூச்சு விட்டனர். வீடியோவோ, பந்து ஜேர்மனிய வீரர் ரொனி குரூஸின் காலில் பட்டே கிம்மிடம் வந்தது எனக் காட்டியது. கோல் ஏற்கப்பட்டது. பின்னர் இன்னொன்றும் விழ, 1938க்குப் பின்னர் முதன்முறையாக ஜேர்மனி முதற்சுற்றிலேயே வெளியேறியது. அந்த முடிவால் தப்பிப் பிழைத்தது, சுவீடனிடம் 3-0 எனத் தோற்றிருந்த மெக்சிக்கோ. மெக்சிக்கோ நகரில் ரசிகர்கள் தென்கொரியத் தூதரகத்தின் முன் திரண்டு, அங்கிருந்த இராஜதந்திரியைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். 2010இல் திரையால் அழுதவர்கள் 2018இல் திரையால் ஆடிப்பாடினர்.

2022 டிசம்பர் 1ஆம் திகதி கட்டாரில் ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. கவோரு மித்தோமா கோட்டோரத்திலிருந்து இழுத்து அனுப்பிய பந்தை ஆவோ தனாக்கா கோலாக்கினார். தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் பந்து வெளியே போனதாகவே தோன்றியது. மேலிருந்து பார்த்த கமெராவோ பந்தின் வளைவில் ஒரு மெல்லிய கீற்று இன்னும் கோட்டின்மேல் நிற்பதைக் கண்டது. 1.88 மில்லிமீற்றர் என்று பத்திரிகைகள் எழுதின. ஜப்பானில் ‘மித்தோமாவின் ஒரு மில்லிமீற்றர்’ என்பது வழக்குச் சொல்லாகிவிட்டது. அந்த ஆட்டம் 1-1 என முடிந்திருந்தால் ஜேர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். மறுபடியும் ஜேர்மனிதான் வெளியேறியது. வெம்பிளியில் 6 சென்ரிமீற்றருக்காக அழுத தேசம் இப்போது 2 மில்லிமீற்றருக்கும் குறைவானதற்காக அழுதது.

என் மனைவியின் தம்பி நாற்பதாண்டுகளாக டோர்ட்முண்டில் வாழ்பவர். ஜேர்மனிய அணியென்றால் உயிரை விடுவார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தின்போது அந்நகரிலேயே ஜேர்மனி டென்மார்க்கைச் சந்தித்தது. இடியும் மழையும் ஆட்டத்தை இடைநிறுத்தின. பின்னர் டென்மார்க்கின் யோக்கிம் அண்டர்சன் போட்ட கோல், சக வீரர் ஒருவரின் கால்விரல் முனை ஓஃப்சைட் என்பதால் நீக்கப்பட்டது. ஓரிரு நிமிடங்களில் அதே அண்டர்சனின் கையில் பந்து உரசியது. விநாடிக்கு 500 தடவை அளவெடுக்கும் உணரி பந்துக்குள் இருந்தது. கிரிக்கெட்டில் நாம் பார்க்கும் ‘ஸ்னிக்கோ’ போன்ற அலைக்கோடு திரையில் துடிக்க, ஜேர்மனிக்குப் பெனல்டி. டென்மார்க் பயிற்றுநர் ஹூல்மண்ட் ஊடகவியலாளர்முன் அந்தப் படத்தைக் காட்டி, ஒரு சென்ரிமீற்றருக்காகவா என்று மனம் வெதும்பினார். நம் நேரம் அதிகாலையில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். “விஞ்ஞானம் பொய் சொல்லாது, அத்தான்” என்றார் உற்சாகமாக.

ஆறு நாள் கழிந்தது. ஸ்ருட்கார்ட் கால் இறுதியில், மேலதிக நேரத்தில், ஜமால் மூசியாலாவின் உதை ஸ்பெயின் வீரர் குக்குரெயாவின் கையில் பட்டது. மத்தியஸ்தர் அந்தனி டெய்லர் பெனல்டி வழங்கவில்லை. வீடியோ அறையும் தலையிடவில்லை. ஜேர்மனி தோற்றது. அடுத்து மியூனிச்சில் நடந்த அரையிறுதியில் குக்குரெயா பந்தைத் தொட்டபோதெல்லாம் ஜேர்மனிய ரசிகர்கள் விடாது கூச்சலிட்டனர். கை உரசியதை அளந்து சொல்ல உணரி உண்டு. அது குற்றமா இல்லையா என்று சொல்ல இன்னமும் மனிதன்தான் இருக்கிறான். 2010இல் எனக்குப் புரியாமற்போனது இதுவே. அளவைக் கருவியை நான் நீதிபதி என்று எண்ணிவிட்டேன். கோட்டைக் கடந்ததா என்ற வினாவைக் கமெரா தீர்த்து வைத்தது. அந்தப் பாதியில் என் பத்தி சரி. தீர்க்க முடியாத வினாக்களோ முன்னரிலும் கசப்பாகின, ஏனெனில் இப்போது ‘அவர் பார்க்கவில்லை’ என்று மத்தியஸ்தரை மன்னிக்கவும் வழியில்லை. சில மாதங்களின் பின்னர் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் மத்தியஸ்தர் குழு அது பெனல்டியே என ஏற்றுக்கொண்டது. யாருக்கும் அதனால் ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அன்று மைத்துனருக்கு நானே அழைப்பு எடுத்தேன். கொதித்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, 2002 கால் இறுதியில் அமெரிக்கர் அடித்த பந்தைத் தொர்ஸ்டன் ஃபிரிங்ஸ் கோட்டில் நின்று கையால் தடுத்ததையும், பெனல்டி கொடுபடாமல் ஜேர்மனி 1-0 என வென்றதையும், அன்று அவர் டோர்ட்முண்ட் தெருவில் கார் ஹோர்ன் அடித்தபடி சுற்றியதாக எனக்கு எழுதியதையும் நினைவூட்டினேன்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

“அது வேறை, அத்தான்” என்றார்.