கோட்டையில் நம் தடம் எங்கே?

போன மாதம் கண்ணகி நகரிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். காலையில் புனித ஜார்ஜ் கோட்டை, மாலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். எல்லாரும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேர் கோட்டையை டிவியில் மட்டுமே பார்த்தவர்கள்.

கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலை, ஆளுநர்களின் ஆளுயர ஓவியங்கள், துப்பாக்கிகள், நாணயங்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, இத்தனை துரைங்க இருக்காங்களே, இவங்களுக்குச் சோறாக்கிப் போட்டது யாரு?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் அன்றைய வரலாற்றுப் பாடம் தொடங்கியது.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்மேட்டை நாயக்கரிடம் வாங்கியது, அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது என்பது எல்லாரும் படித்ததுதான். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வடக்கே மதிலுக்கு வெளியே கறுப்பர் நகரம். நிற வேற்றுமையை நாம் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் கறுப்பர் நகரத்துக்குள்ளும் தெருக்கள் சாதிவாரியாகத்தான் இருந்தன. வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் எது யாருடைய தெரு என்று சண்டை மூண்டு, 1707இல் ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டு எல்லை பிரிக்க வேண்டியிருந்தது. பறையர்களின் குடியிருப்பு தனியே இருந்தது. பழைய ஆங்கில வரைபடங்களே அதைப் பறச்சேரி என்று குறித்திருக்கின்றன. அங்கிருந்துதான் கோட்டைக்கு சமையல்காரர்களும் பட்லர்களும் குதிரைக்காரர்களும் வந்தார்கள். கம்பெனியின் சென்னைப் படையிலும் நம் பாட்டன்மார் சிப்பாய்களாக நின்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "வீர இனம்" என்றொரு கோட்பாட்டைச் சொல்லி அந்த வாய்ப்பையும் வெள்ளையர் குறைத்தார்கள். வெள்ளையர் ஆட்சி நமக்கு விடுதலை தந்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ள அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆனாலும் இந்தக் கோட்டையை வெறுத்து ஒதுக்கிவிட முடியாது. 1921 முதல் 1937 வரை சென்னை மாகாண சட்டமன்றம் கூடியது இதற்குள்தான். 1922இல் எம்.சி.ராஜா எழுந்து நின்று, எங்களைப் பறையர், பஞ்சமர் என்று அரசு எழுதக் கூடாது, ஆதிதிராவிடர் என்றே எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரையும் தடுக்கக் கூடாது என்றது. அது அரசாணையாகவும் வெளிவந்தது. தெருவில் நடப்பதற்கு ஓர் அரசாணை! சிரிப்பு வருகிறதா? இன்றும் செருப்போடு நடக்க முடியாத ஊர்த்தெரு உண்டு என்பதை நினைத்தால் சிரிப்பு வராது.

அருங்காட்சியகத்தில் நாங்கள் பார்த்தவரை இந்த இரண்டு பெயர்களும் கண்ணில் படவில்லை. ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மாலையில் மயிலாப்பூர். கோபுரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எடுக்கட்டும், அழகான கோபுரம்தான். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் கோயில் இது. அந்த அறுபத்து மூவரில் ஒருவர் திருநாளைப்போவார், நம் நந்தன். தில்லையில் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகே உள்ளே விட்டார்கள் என்கிறது பெரிய புராணம். நந்தனின் சிலை பல்லக்கில் மாடவீதி சுற்றியது. நந்தனின் பிள்ளைகள் வாசலைத் தாண்ட சட்டம் வர வேண்டியிருந்தது. 1938இல் எம்.சி.ராஜா ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தபோது ராஜாஜி அரசு அதற்கு இணங்கவில்லை. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. "அப்போ எங்க ஆயா சின்னப் புள்ளையா இருந்தப்பக்கூட உள்ள விடமாட்டாங்களா?" என்று ஒரு பையன் கணக்குப் போட்டான். ஆமாம் தம்பி, அவ்வளவு கிட்டத்து வரலாறுதான் இது.

திரும்பும் வழியில் பேருந்து கூவம் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் இருந்த ஒருவன், "அக்கா, எங்க வீடு இங்கதான் எங்கயோ இருந்துச்சாம், அம்மா சொல்லும்" என்றான். பேருந்தில் சட்டென்று பேச்சு நின்றுவிட்டது.

கண்ணகி நகர் எப்படி உருவானது என்பது உங்களுக்குத் தெரியும். 2000த்தை ஒட்டி, நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் அது. பிறகு பெரும்பாக்கம். 2019 டிசம்பரில் கூவம் கரையின் சத்தியவாணி முத்து நகர் மக்களையும் அங்கேதான் அனுப்பினார்கள். சத்தியவாணி முத்து யார்? தாழ்த்தப்பட்டோருக்காகக் குரல் கொடுத்த, அமைச்சராகக் கோட்டைக்குள் அமர்ந்த பெண். அவர் பெயர் சூட்டிய குடியிருப்பையே கரையிலிருந்து துடைத்தெறிந்தார்கள். அன்று மதிலுக்கு வெளியே பறச்சேரி. இன்று நகரத்துக்கே வெளியே.

தங்கள் சொந்த ஊரையே அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் அன்று சுற்றுலாப் பயணிகளாக வந்து பார்த்தார்கள். இதுதான் எனக்கு நெஞ்சை அறுத்தது.

தோழர்களே, உங்கள் கல்லூரியில் சுற்றுலா போனால் கோட்டைக்கும் போங்கள், கோயிலுக்கும் போங்கள். இது யாருடைய இடம் என்று தயங்கி நிற்காதீர்கள். கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் வழிகாட்டி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இங்கே சமைத்தது யார், காவல் நின்றது யார், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள், எந்த ஆண்டு உள்ளே வந்தார்கள், இப்போது எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் ஆயாவிடமும் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அருங்காட்சியகம் வைக்காத பலகையை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.