மண்ணுக்கு அடியில் குழாய், கோவைக்குள் உண்மை: எரிவாயுக் குழாய்களைக் கண்காணிப்பது யார்?

மன்னாரில் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டமொன்றில், கடலுக்கு அடியில் கண்டறியப்பட்ட எரிவாயு பற்றிப் பேச்சு வந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, அந்தக் காஸ் கரைக்கு வாறதெண்டால் குழாயிலதானே வரும்? அந்தக் குழாய் எங்கட வளவுக்குள்ளால போனால், அது நல்லா இருக்கெண்டு ஆர் பாக்கிறது?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. போர் முடிந்த பின்னரான சில வருடங்கள், கண்ணிவெடி அகற்றும் பணியில் வரைபடங்களையும் கோவைகளையும் பராமரிக்கும் வேலை செய்தவன் நான். மண்ணுக்கு அடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாளில் எழுதியிருப்பது மட்டுமே என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்றுத்தந்தது.

மன்னார் வடிநிலத்தில் 2011ஆம் ஆண்டு 'டொராடோ', 'பரகுடா' என்ற இரு கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வர்த்தக ரீதியான உற்பத்தி தொடங்கவில்லை. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் மூலம் இத்துறைக்கென ஓர் அதிகாரசபை உருவாக்கப்பட்டது. குழாய் இன்னமும் வரவில்லை. வருவதற்கு முன்னர், பெரியவரின் கேள்விக்கு வேறு நாடுகள் என்ன விலை கொடுத்துப் பதில் கண்டன என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

சான் புரூனோவில் நடந்தது

2010 செப்டெம்பர் 9ஆம் திகதி மாலை 6.11 மணி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு அருகில் உள்ள சான் புரூனோ நகரின் குடியிருப்புப் பகுதியில் நிலம் பிளந்து தீ எழுந்தது. விமானம் விழுந்துவிட்டது என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். வெடித்தது வீதிக்கு அடியில் 1956ஆம் ஆண்டு புதைக்கப்பட்ட 30 அங்குல விட்டமுடைய இயற்கை எரிவாயுக் குழாய். அதன் உரிமையாளர் பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் நிறுவனம்.

எட்டுப் பேர் உயிரிழந்தனர். 58 பேர் காயமடைந்தனர். 38 வீடுகள் அழிந்தன, 70 வீடுகள் சேதமடைந்தன. ஏறத்தாழ 28 அடி நீளமும் 3,000 இறாத்தல் நிறையும் கொண்ட குழாய்த் துண்டு ஒன்று 100 அடி தூரத்தில் போய் விழுந்தது. வெடித்த இடத்தில் 72 அடி நீளமும் 26 அடி அகலமும் கொண்ட பள்ளம் இருந்தது.

எரிவாயு ஓடுவதை நிறுத்த 95 நிமிடங்கள் எடுத்தன. அந்தப் பகுதியை மூடக்கூடிய வால்வுகள் தொலைவில் இருந்து இயக்கக்கூடியவையாக இருக்கவில்லை. ஆட்கள் வாகனத்தில் போய்க் கையால் பூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் நெருப்புக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது.

உறுதிநிலை முகாமைத்துவம் என்றால் என்ன?

இந்த விபத்து நடந்தபோது அமெரிக்காவில் சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. 1968இலேயே இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி நியூ மெக்சிகோ மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் அருகே உள்ளரிப்புக்கு உள்ளான குழாயொன்று வெடித்ததில், ஆற்றங்கரையில் கூடாரமடித்துத் தங்கியிருந்த 12 பேர் இறந்தனர். இதுபோன்ற விபத்துகளின் பின்னர் 2002இல் புதிய சட்டமும், 2003 டிசெம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. அந்த விதிகள் கொண்டுவந்த ஏற்பாட்டையே 'குழாய்வழி உறுதிநிலை முகாமைத்துவம்' என்கிறோம்.

அதன் அடிப்படை எளிமையானது. குழாயைப் புதைத்துவிட்டு, உடைந்தால் திருத்துவது அல்ல. உடையக்கூடிய இடத்தை முன்கூட்டியே தேடிக் கண்டுபிடிப்பது. இதற்கு நான்கு படிகள் உள்ளன.

முதலாவது, உடைந்தால் மக்களுக்கு அதிக கேடு வரும் இடங்களை அடையாளம் காண்பது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. குழாயின் உச்ச அமுக்கத்தை (சதுர அங்குலத்துக்கு இறாத்தலில்) எடுத்து அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, அதைக் குழாயின் விட்டத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, பின்னர் 0.69ஆல் பெருக்க வேண்டும். வருவது அடியில் ஆபத்து ஆரை. சான் புரூனோக் குழாயின் விட்டம் 30, அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் 400. ஆகவே ஆரை 414 அடி. அந்த வட்டத்துக்குள் மக்கள் வசிக்கும் 20 கட்டடங்கள் இருந்தாலோ, பாடசாலை, மருத்துவமனை போன்றவை இருந்தாலோ அது உயர் பாதிப்புப் பகுதி.

இரண்டாவது, அந்தப் பகுதியில் குழாய்க்கு என்னென்ன அச்சுறுத்தல்கள் உள்ளன என்று பட்டியலிடுவது. வெளித்துரு, உள்ளரிப்பு, உற்பத்திக் குறைபாடு, பற்றவைப்புப் பிழை, மண்சரிவு, மண்வெட்டும் இயந்திரம் என்று அது நீளும்.

மூன்றாவது, பரிசோதிப்பது. குழாய்க்குள் உணரிகள் பொருத்திய கருவியை ஓடவிட்டுப் பார்க்கலாம். குழாயில் நீரை நிரப்பி, வழமையான அமுக்கத்தை விட அதிகமாக ஏற்றித் தாங்குகிறதா என்று சோதிக்கலாம். நிலத்துக்கு மேலிருந்து அளவீடுகள் எடுத்து, சந்தேகமான இடங்களை மட்டும் தோண்டிப் பார்க்கலாம்.

நான்காவது, கண்ட குறையைத் திருத்தி, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவையேனும் மீளப் பரிசோதிப்பது.

இவை அனைத்தையும் செய்யவேண்டியது குழாயின் உரிமையாளரான நிறுவனம். அரசாங்க அமைப்பு குழாயைத் தோண்டிப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் திட்டத்தையும் ஆவணங்களையும் பரிசோதிக்கிறது. எனவே ஆவணம் பிழையென்றால் முழு ஏற்பாடுமே பிழைத்துவிடுகிறது. சான் புரூனோவில் நடந்தது அதுதான்.

தாளில் இல்லாத மூட்டு

நிறுவனத்தின் பதிவில் வெடித்த பகுதி 'மூட்டில்லாக் குழாய்' என்று இருந்தது. அமெரிக்காவில் 30 அங்குல விட்டத்தில் மூட்டில்லாக் குழாய் அக்காலத்தில் உற்பத்தியாகவே இல்லை. தோண்டி எடுத்தபோது தெரிந்தது, அது குட்டையான ஆறு துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது என்பது. வெடிப்புத் தொடங்கிய துண்டின் நீளவாக்கு மூட்டு வெளிப்பக்கத்தால் மட்டும் அரைகுறையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. 54 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது.

மூட்டு இல்லை என்று தாள் சொன்னதால் மூட்டைத் தேடும் பரிசோதனை நடக்கவில்லை. நிறுவனம் தெரிவுசெய்திருந்தது நிலத்துக்கு மேலிருந்து அளவிடும் முறையை. அது வெளித்துருவைக் கண்டுபிடிக்கும், பற்றவைப்புப் பிழையைக் காட்டாது.

நீரமுக்கச் சோதனை செய்திருந்தால் 1956லேயே குறை வெளிப்பட்டிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. ஆனால் கலிபோர்னியா 1961இல் விதி கொண்டுவந்தபோதும், மத்திய அரசு 1970இல் விதி கொண்டுவந்தபோதும், ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்த குழாய்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 1970 ஜூலை 1ஆம் திகதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அது இயங்கிய உச்ச அமுக்கமே அதன் தகுதிச் சான்றாக ஏற்கப்பட்டது. புதிய குழாய்க்குக் கடும் விதி, பழைய குழாய்க்கு நம்பிக்கை!

இதை வாசித்தபோது எனக்கு என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், வன்னியில் ஒரு காணித்துண்டு 'துப்புரவாக்கப்பட்டது' என்று எங்கள் கோவையில் இருந்தது. நானே அந்தப் பிரதியில் முத்திரை குத்தினேன். இரண்டு மாதம் கழித்து அங்கு மேய்ந்த பசுவொன்று காலை இழந்தது. திரும்பத் தேடியபோது, பக்கத்துக் காணிக்குரிய தாள் இந்தக் கோவைக்குள் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. பசுவோடு போனது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் அதே பாதையால்தான் பள்ளிக்குப் போவார்கள். களத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். பிழை மேசையில் நடந்தது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மேற்பார்வையாளர் மீதும் தீர்ப்பு

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 ஓகஸ்டில் தனது முடிவை அறிவித்தது. நிறுவனத்தை மட்டும் அது குறைகூறவில்லை. பழைய குழாய்களுக்கு விலக்களித்த மாநில, மத்திய அரசுகளையும், நிறுவனத்தின் திட்டத்தில் இருந்த குறைகளைக் கண்டுபிடிக்கத் தவறிய கலிபோர்னியாப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவையும் சேர்த்தே அது பொறுப்பாக்கியது. இந்தச் சபைக்கு விதி போடும் அதிகாரமும் இல்லை, தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. காரணத்தைக் கண்டறிந்து பகிரங்கமாகச் சொல்வதே அதன் வேலை. ஒழுங்குபடுத்தும் அமைப்பைப் பற்றியும் அதனால் பேச முடிந்ததற்கு, அது அந்த அமைப்பிலிருந்து சுயாதீனமாக இருந்ததே காரணம்.

நிறுவனம் தன் பதிவுகளைத் தேடிச் சரிபார்க்கவேண்டி வந்தபோது, டேலி சிற்றியில் உள்ள 'கௌ பலஸ்' என்ற பெரிய அரங்கொன்றுக்குப் பெட்டி பெட்டியாகத் தாள்களைக் கொண்டுவந்து குவித்து ஆட்களை இருத்தித் தேடியது. 2015இல் ஆணைக்குழு 1.6 பில்லியன் டொலர் தண்டம் விதித்தது. 2016இல் நீதிமன்றத்தில் ஜூரிகள், குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக ஐந்து குற்றச்சாட்டுகளிலும், விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஒன்றிலும் நிறுவனத்தைக் குற்றவாளியாகக் கண்டனர். தனிநபர் எவரும் சிறை செல்லவில்லை.

விதிகளும் மாறின. 2019இல் வந்த புதிய மத்திய விதி, பழைய குழாய்களுக்கான விலக்கைக் குறுக்கியது. அமுக்கத்தைத் தாங்கும் என்பதற்குத் தடம் காணக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, முழுமையான பதிவு இல்லாத குழாய்களை மீள உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் கொடுக்கப்பட்ட காலம் 2035 வரை. 2022இல் வந்த விதி, புதிதாகப் போடப்படும் பெரிய குழாய்களில் தொலைவிலிருந்தோ தானாகவோ மூடும் வால்வுகள் வேண்டும் என்றும், உடைவு என அடையாளம் கண்டதிலிருந்து 30 நிமிடங்களுக்குள் மூடவேண்டும் என்றும் சொல்கிறது. எட்டு உயிர்களுக்குப் பின் 12 ஆண்டுகள் கழித்து வந்த விதி அது.

அயலில் ஒரு பாடம்

இது அமெரிக்காவோடு முடியும் கதையல்ல. இந்தியாவில் பெற்றோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குபடுத்தும் சபை 2012இல் உறுதிநிலை முகாமைத்துவ விதிகளை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 ஜூன் 27ஆம் திகதி அதிகாலையில், ஆந்திராவின் கோதாவரிக் கரையோர மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் அரச நிறுவனமான கெயிலின் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடியதும், அதனால் குழாய் அரிக்கப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. விதி இருந்தது. விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது போதவில்லை.

நாங்கள் கேட்கவேண்டியவை

எங்களுக்கு நிலத்தின் அடியைப் பற்றிப் பேசுவது புதிதல்ல. காணியைத் திரும்பப் பெறுவதற்கும், அதில் கால் வைப்பதற்கு முன்னர் சான்று பார்ப்பதற்கும் பழகியவர்கள் நாங்கள். ஆகவே நாளை எந்தத் திட்டம் வந்தாலும், எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று பிரிவதற்கு முன்னர், கேட்கவேண்டிய கேள்விகள் சில உள்ளன.

குழாய் போகும் பாதையின் வரைபடம் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்க்கக்கூடியதாக இருக்குமா? ஆபத்து ஆரைக்குள் எத்தனை வீடுகள், எந்தப் பாடசாலைகள் வருகின்றன? குழாய் புதைப்பதற்கு முன்னர் நீரமுக்கச் சோதனை செய்யப்பட்டதா, அதன் பதிவு யாரிடம் உள்ளது? வால்வை மூட எத்தனை நிமிடம் எடுக்கும், அருகில் உள்ள தீயணைப்புப் பிரிவுக்கு அது தெரியுமா? பரிசோதிப்பவர், பரிசோதிக்கப்படும் நிறுவனத்தின் தயவில் இருப்பவரா? விபத்து நடந்தால் ஒழுங்குபடுத்தும் அமைப்பையே விசாரிக்கக்கூடிய இன்னொரு அமைப்பு உண்டா? இந்த அறிக்கைகளெல்லாம் தமிழில் கிடைக்குமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்க எங்களுக்கு வழி தந்திருக்கிறது. வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் அதுவும் ஒரு கோவைக்குள் போகும்.

அண்மையில் அந்தப் பெரியவரை மீண்டும் சந்தித்தேன். இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப, பாக்கிறவனையும் ஒருத்தன் பாக்கவேணும் எண்டுறாய்" என்றார். ஆம் என்றேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.