ராம்-லாக் பிறந்த கதை

நவி மும்பை நெருளில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து குழந்தையின் நெஞ்சு சிடி ரிப்போர்ட்டோடு வெளியே வரும் அப்பாவிடம், "இந்த மாதிரிப் படத்துக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் புரொபசரின் கணக்கு இருக்கிறது" என்றால் நம்ப மாட்டார். ஆனால் இருக்கிறது.

சிடி எந்திரம் நேராகப் படம் பிடிப்பதில்லை. உடம்பைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொரு கோணத்திலும் மறுபக்கம் எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. அந்த அளவுகளை வைத்தே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆஸ்திரியக் கணிதர் ராடோன் 1917லேயே நிரூபித்துவிட்டார். ஆனால் ஒவ்வோர் அளவையும் வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால், ஈரத்தரையில் போட்ட கோலம் மாதிரி விளிம்பெல்லாம் கலங்கிவிடும். அளவுகளை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே கணக்கால் அதைத் தெளியவைக்கலாம்; ஆரம்பகாலக் கம்ப்யூட்டருக்கு அது பெரும் பாரம்.

அந்த மெட்ராஸ் புரொபசர்தான் ஜி.என். இராமச்சந்திரன், கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971ல் ஒரு சுருக்குவழியை வெளியிட்டார்கள். பரப்புவதற்கு முன்பே, ஒவ்வோர் அளவிலிருந்தும் இருபக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும் அளவுகளின் சிறு பங்கைக் கழித்துவிட வேண்டும். தள்ளிப்போகப் போகப் பங்கு குறையும். அவ்வளவுதான், விளிம்பு பளிச்சென்று வந்துவிடும். இருவர் பெயரும் சேர்ந்து அது 'ராம்-லாக்' ஃபில்டர் ஆனது.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஆங்கிலப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி எந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அது வேறு கணக்கில் ஓடியது. பின்னால் வந்த எந்திரங்கள் இந்த ராம்-லாக் வழிக்கு வந்தன. 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இயற்பியலர் கார்மாக்குக்கும் போனது. நம்மவருக்கு இல்லையே என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்திரத்தைக் கட்டியவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. இதே கணக்கை ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே தொட்டுவிட்டார்கள்.

விளிம்பு பளிச்சென்று தெரியும் இந்தக் கூர்மை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயுள்ள குழந்தைக்கு ரொம்ப முக்கியம். பரம்பரைக் கோளாறால் சளி கெட்டியாகி, கிருமி தங்கி, மூச்சுக்குழாய்கள் விரிந்துவிடும். சாதா எக்ஸ்ரேயில் அவை இணைகோடுகளாகத் தெரிவதை 'டிராம் லைன்' என்பார்கள். சிடியில், விரிந்த குழாயும் அதை ஒட்டிய ரத்தக்குழாயும் கல் வைத்த மோதிரம்போல் தெரியும். குழந்தையின் குழாய்ச் சுவர் மிக மெல்லியது. மழுங்கிய படத்தில் அது கரைந்தே போகும். அதனால்தான் நுரையீரலுக்கென்று கூர்மையான ஃபில்டரைப் போடுகிறார்கள். குழாய் விரிவு, சுவர்த்தடிப்பு, சளி அடைப்பு என்று ஒன்பது அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் பல்லா அட்டவணை 1991ல் வந்ததும் இப்படிப்பட்ட மெல்லிய சிடி வெட்டுகளை நம்பித்தான்.

கூர்மைக்கு விலை உண்டு. விளிம்போடு சேர்ந்து படத்தின் புள்ளியிரைச்சலும் கூடும். அதை அடக்கக் கதிர் அதிகம் வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கோ ஆயுள் முழுக்கப் பலமுறை படமெடுக்க நேரும். குறைந்த கதிரில் ஒப்பேற்றும் புதிய கணக்குகள் இப்போது பல எந்திரங்களில் வந்துவிட்டன. குழந்தைக்கு நெஞ்சு சிடி எழுதிக் கொடுத்தால், "குழந்தைக்கான குறைந்த டோஸில்தானே எடுப்பீர்கள்?" என்று சென்டரில் தயங்காமல் கேளுங்கள்.