மெய்க்கனவும் சான்றும்: இஸ்லாமிய மரபில் கனவின் அதிகார எல்லை

ஷஅபான் மாதத்தின் முப்பதாம் இரவு. பிறை யார் கண்ணுக்கும் படவில்லை. அன்றிரவு ஒருவர் நபி (ஸல்) அவர்களைக் கனவில் காண்கிறார். நாளை ரமலான் முதல் நாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். விடிந்ததும் இவர் நோன்பு பிடிக்கலாமா? ரமலான் நோன்பாக அது அவருக்கும் சேராது, பிறருக்கும் சேராது என்ற முடிவை இமாம் நவவீ (இ. 1277) தமது ‘அல்மஜ்மூ’வில் பதிவு செய்கிறார். (தமிழகக் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல் அது. பிறைச் சர்ச்சையில் கனவும் வந்து சேராதிருப்பது நமக்குப் பேருபகாரம்.)

இத்தனைக்கும், நபியைக் கனவில் கண்டவர் நபியையே கண்டார், ஷைத்தான் அவர்கள் உருவில் வரமாட்டான் என்னும் ஹதீஸை நவவீ ஐயமின்றி ஏற்பவர். தூங்கியவர் பொய் சொல்கிறார் என்று அவர் கருதவில்லை. கேட்டதைக் கேட்டபடி மனத்தில் பிடித்துவைக்கும் நிலையில் உறங்குபவர் இல்லை என்பதே அவர் காட்டும் காரணம். விழித்திருந்து கேட்டவரே ஞாபகப் பிசகு மிக்கவரானால் அவர் அறிவிப்பைத் தள்ளிவிடும் கலை ஹதீஸ் கலை. அது உறங்கியவரின் அறிவிப்பை எப்படி ஏற்கும்? ஐயம் கனவின் மூலத்தின் மீதல்ல, அது நம்மிடம் வந்துசேரும் வழியின் மீது.

சட்ட அறிஞர்கள் கனவை ஒதுக்கினார்கள், சூஃபிகளே அதைக் காப்பாற்றினார்கள் என்றொரு எளிய சித்திரம் புழக்கத்தில் உண்டு. நவவீயின் தீர்ப்பை ஊன்றிப் படித்தால் அது நிற்காது. கனவின் உண்மை வேறு, அதன் அதிகாரம் வேறு. இவ்விரண்டையும் பிரித்துவைப்பதில் இரு தரப்பும் ஒரே பக்கம்தான்.

கனவின் மதிப்பைப் பற்றி மரபில் பிணக்கு இல்லை. வஹீயின் (இறைச்செய்தியின்) தொடக்கமே விடியல் வெளிச்சம்போலத் தெளிந்த கனவுகள்தாம் என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. மெய்க்கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒன்று என்னும் ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. 23 ஆண்டு நபித்துவத்தில் முதல் ஆறு மாதம் கனவு, ஆகவே 46இல் ஒன்று என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அழகான கணக்குதான், ஆனால் 45, 70 என்னும் எண்களோடும் அறிவிப்புகள் இருக்கையில் அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

கனவால் சட்டம் பிறக்கும் என்போர் முதலில் எடுத்து நீட்டுவது பாங்கின் வரலாறு. தொழுகைக்கு மக்களை அழைப்பது எப்படி என்று மதீனாவில் ஆலோசனை நடந்த நாட்களில், அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) பாங்கின் சொற்களைக் கனவில் கேட்டார். நபியவர்கள் அதை மெய்க்கனவு என்று உறுதிசெய்து, பிலாலுக்குச் சொல்லிக்கொடுக்கப் பணித்தார்கள். பிலாலின் குரல் கேட்டு உமர் (ரலி) மேலாடை இழுபட ஓடிவந்து, தாமும் அதையே கண்டதாகச் சொன்னார். ஆனால் உமரின் கனவோ இப்னு ஸைதின் கனவோ பாங்கைச் சட்டமாக்கவில்லை. நபியின் ஒப்புதல்தான் ஆக்கியது. அந்த ஒப்புதலைத் தர இன்று எவரும் இல்லை. எனவேதான் கிரனாடாவின் ஷாத்திபீ (இ. 1388), கனவை ஷரீஅத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்கிறார். ஒத்துப்போனால் தீர்ப்பு ஏற்கெனவே ஷரீஅத்தில் இருக்கிறது, கனவு ஊக்கமோ எச்சரிக்கையோ மட்டும் தருகிறது. முரண்பட்டால் கனவைக் கைவிட வேண்டியதுதான்.

சூஃபிகளின் பக்கம் வருவோம். நபித்துவம் எத்தகையது என்பதைச் சாமானியர் ஓரளவு உணரும் பொருட்டு உறக்கத்தில் அதன் மாதிரி ஒன்றை இறைவன் வைத்திருக்கிறான் என்பது கஸ்ஸாலீயின் (இ. 1111) விளக்கம். மறைவானதை அறிவது சாத்தியம் என்பதற்கே கனவு அங்கே சாட்சி. கண்டவரின் தகுதிக்கு அன்று. ஏழு பசுக்களைக் கண்ட எகிப்து மன்னனின் கனவும் பலித்ததல்லவா? அதன் பொருளைச் சொல்ல யூசுஃப் நபி வேண்டியிருந்தது. கஷ்ஃபுக்கு, அதாவது மறைவானது உள்ளத்தில் வெளிப்படுவதற்கு, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் இப்னு அரபீயும் இதையே வற்புறுத்துகிறார். நபியவர்கள் தமக்குப் பால் புகட்டியதாகக் கனவு கண்ட ஓர் அறிஞர், விழித்ததும் வலிந்து வாந்தியெடுத்துப் பார்த்தார், பாலே வந்தது. கனவு மெய்தான், ஆனால் பால் அறிவைக் குறிக்கிறது என்று விளக்கம் தேடாமல் பெற்ற அறிவை இழந்துவிட்டார் என்கிறார் இப்னு அரபீ. தம் ‘ஃபுஸூஸுல் ஹிகம்’ நூலையே 1229இல் டமாஸ்கஸில் நபியிடம் கனவில் பெற்றதாகச் சொன்னவர் அவர். அந்த உரிமைக்கோரல் நூலைக் கண்டனங்களிலிருந்து காக்கவில்லை. அதன் கருத்துகள் தனியே விசாரிக்கப்பட்டன.

கனவின் உண்மையையும் அதிகாரத்தையும் பிரிக்கும் இந்தப் பிரிவினையால் உயிர் பிழைத்தவரும் உண்டு. கலீஃபா மஹ்தீ (ஆட்சி 775–785), காழி ஷரீக் தம் விரிப்பை மிதித்தபடி முகம் திருப்பி நிற்பதாகக் கனவு கண்டார். வெளியே பணிவு, உள்ளே பகை என்று பலன் சொல்லப்பட்டது. ஷரீக் தம்மிடம் வந்ததும், வாள் கொண்டுவரச் சொன்னார் கலீஃபா. உங்கள் கனவு இப்ராஹீம் நபியின் கனவல்ல, பலன் சொன்னவர் யூசுஃபும் அல்ல, பொய்க்கனவுகளை வைத்து முஃமின்களின் கழுத்தை வெட்டுவீர்களா என்று ஷரீக் கேட்டதாக ஷாத்திபீ எடுத்தெழுதுகிறார். மஹ்தீ வெட்கி அவரை விட்டுவிட்டார். கனவையே மறுப்பவராக இருந்திருந்தால் ஷரீக் அந்த இரு நபிமார்களின் பெயரை எடுத்திருக்க வேண்டியதில்லை.